படியெடுத்துப் பயிலுதல்

கலை பயில்வார்க்கு வழிகள் இரண்டு உள்ளன. இயற்கையை நேரே நோக்கிப் பயிலுதல் ஒன்று. இயற்கையை முன்னரே கூர்ந்து நோக்கி அதன் உண்மைகளைக் கண்ட வல்லுநரின் படைப்புகளைப் பார்த்துப் பயிலுதல் மற்றொன்று. திண்ணைப் பள்ளியில் எழுத்தறியத் தொடங்கிய சிறுவன், ஆசிரியர் மணலில் எழுதிய எழுத்தின்மேல் தன் விரலை வைத்துப் பன்முறை எழுதிப் பழகினான். எழுத்தின் வளைவையும் சுழியையும் அவன் கை அறிந்த பின்னரே, தனக்கென ஒரு கையெழுத்து அவனுக்கு வாய்த்தது. ஆசிரியரின் எழுத்தைத் திருடினான் என்று அவனை எவரும் பழித்திலர்.

எண்ணெய் வண்ணத்தால் மனிதரின் முகத்தைத் தீட்டும் உருவ ஓவியக் கலையை ஐரோப்பியர் நெடுங்காலம் இம்முறையாலேயே கற்றனர். பெரிய ஓவியர் ஒருவரின் படைப்பை முன்வைத்து, அதைக் கோட்டுக்குக் கோடும் நிறத்துக்கு நிறமும் ஒப்ப மீண்டும் தீட்டுதலே அம்முறை. அதனைப் படியெடுத்தல் என்கிறோம். ஏறத்தாழ 1400-ஆம் ஆண்டளவில் ஓவியர்க்கு ஒரு கைந்நூல் எழுதிய சென்னினோ சென்னினி என்னும் இத்தாலியர், மாணவன் சிறந்த ஆசிரியர் ஒருவரைத் தேர்ந்துகொண்டு அவர் படைப்புகளையே நாள்தோறும் படியெடுக்க வேண்டும் என்றும், இன்று ஒருவர் நாளை ஒருவர் என மாறினால் எவருடைய நெறியும் கைவராது என்றும் அறிவுறுத்தினார். அவருக்குப் பின்வந்த லியனார்டோ டா வின்சியோ, முதலில் வல்லுநரின் வரைபடங்களைப் படியெடுத்துப் பின்னர் இயற்கையை நோக்கி வரைதல் வேண்டும் என்று கற்பித்தார். எனினும் பிறர் ஓவியங்களை மட்டுமே பின்பற்றி வாழும் கலை நாளடைவில் தேயும் என்றும் அவர் எச்சரித்தார். இவ்விரு கூற்றுகளும் ஒன்றற்கொன்று முரண்பட்டன போலத் தோன்றும். அவை எவ்வாறு பொருந்துகின்றன என்பதை ஓர் ஓவியத்தின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வோம்.

ஓர் உருவ ஓவியம்

பாரிசு நகரில் உள்ள லூவர் அருங்காட்சியகத்தில் 82 சென்டிமீட்டர் உயரமும் 67 சென்டிமீட்டர் அகலமும் உடைய ஓவியம் ஒன்று உளது. இத்தாலிய நாட்டுப் பேரோவியர் ராபேல் 1514, 1515 ஆகிய ஆண்டுகளை ஒட்டித் தம் நண்பரான பால்தசாரே காஸ்திலியோனே என்பவரைத் தீட்டிய உருவ ஓவியம் அது. கரிய தொப்பியும், சாம்பல் நிற மென்மயிர் ஆடையும், அதனிடையே வெண்மை காட்டும் சட்டையும் அணிந்து, கைகளைக் கோத்துக்கொண்டு, அவர் நம்மை நோக்கி அமைதியாக அமர்ந்திருக்கிறார். பின்புலத்தில் மலையும் இல்லை, மாளிகையும் இல்லை, மங்கிய வெளிர்நிறம் ஒன்றே பரந்துள்ளது. கருமை, வெண்மை, சாம்பல் என்னும் அடங்கிய நிறங்களுக்கு நடுவே அவருடைய நீலக் கண்கள் மட்டும் தெளிந்த நீர்போல் விளங்குகின்றன.

காஸ்திலியோனே சிறந்த எழுத்தாளர். அரசவையில் பழகும் சான்றோன் எவ்வாறு ஒழுகுதல் வேண்டும் என்பதைப் பற்றி அவர் எழுதிய நூல் 1528-ஆம் ஆண்டு வெனிசு நகரில் அச்சாயிற்று. எச்செயலையும் செவ்வனே செய்தல் வேண்டும். ஆயினும் அதன்கண் செலவிட்ட உழைப்புப் பிறர் கண்ணுக்குப் புலனாகாவண்ணம் எளிமையாகச் செய்தல் வேண்டும் என்பது அந்நூலின் கருத்துகளுள் ஒன்று. ராபேலின் ஓவியமும் அக்கருத்துக்கு ஏற்ப அமைந்துள்ளது. பார்ப்பார்க்கு அது வருத்தமின்றித் தோன்றியது போலக் காட்சியளிக்கும். அதனைப் படியெடுக்க முற்பட்டவனுக்கே, அவ்வெளிமையின் உள்ளே மறைந்துகிடக்கும் உழைப்பு எத்துணை என்பது விளங்கும்.

படியெடுக்கும் முறை

இவ்வோவியத்தைப் படியெடுக்கப் புகும் மாணவன் ஒருவனைப் பின்தொடர்வோம். அவன் முதற்கண் தூரிகையைத் தொடுவதில்லை. ஓவியத்தின்முன் நெடுநேரம் அமர்ந்து நோக்குகிறான். ஒளி எப்பக்கமிருந்து வருகின்றது, மிக ஒளிர்ந்த இடம் எது, மிக இருண்ட இடம் எது என்பவற்றை உள்ளத்தில் பதித்துக்கொள்கிறான். பின்னர், சட்டத்தில் இழுத்துக் கட்டிப் பூச்சிட்ட கித்தான் துணியின்மேல் கரித்துண்டால் உருவத்தின் எல்லைகளை வரைகிறான். அளவு பிழையாமைக்குக் கட்டமிடும் முறை உதவும். மூல ஓவியத்தின் நிழற்படத்தைச் சம கட்டங்களாகப் பிரித்து, கித்தானிலும் அதே எண்ணிக்கையில் கட்டமிட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் அடங்கிய கோட்டை அதற்குரிய கட்டத்தில் எழுதுதலே அம்முறை. முகத்தில் ஒரு நூலளவு பிழைத்தாலும் முகம் வேறொருவர் முகமாகிவிடும்.

வரைந்து முடிந்ததும் வண்ணத்தை வாரிப் பூசுதல் கூடாது. மங்கிய பழுப்பு நிறம் ஒன்றைக் கொண்டே ஒளியும் நிழலும் தோன்ற முழு உருவத்தையும் முதலில் தீட்டுதல் வேண்டும். இவ்வடிப்பூச்சில் உருவம் சுடுமண் சிலைபோல் நிற்கும். நிறம் இல்லாத நிலையிலேயே மூக்கு முன்வந்தும், கன்னம் வளைந்தும், கண்குழி உள்வாங்கியும் தோன்றுமாயின் அடித்தளம் செவ்விதாக அமைந்தது எனலாம். அதில் உள்ள குறையை மேற்பூசும் நிறங்கள் மறைப்பதில்லை, மிகுத்தே காட்டும்.

எண்ணெய் வண்ணம் என்பது நிறப்பொடியை ஆளிவிதை எண்ணெயில் இழைத்து ஆக்குவது. நீர்வண்ணம் நீர் வற்றுதலால் உலரும். எண்ணெய் வண்ணமோ காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று மெல்ல இறுகும். ஆதலின் ஒரு பூச்சு உலர நாள்கள் பல செல்லும். இத்தாமதம் ஓவியனுக்கு நன்மையே செய்கின்றது. ஈரம் உள்ளவரையில் ஒரு நிறத்தை மற்றொன்றோடு மெல்லக் குழைத்து, ஒளி நிழலாகும் எல்லையைக் கண்ணுக்குத் தெரியாமல் இணைக்க முடிகின்றது. ஆயினும் இதற்கு ஒரு விதி உண்டு. கீழ்ப்பூச்சுகளில் எண்ணெய் குறைவாகவும் மேற்பூச்சுகளில் அதனினும் மிகுதியாகவும் இருத்தல் வேண்டும். எண்ணெய் மிக்க பூச்சின்மேல் எண்ணெய் குறைந்த பூச்சை இட்டால், மேற்பூச்சு முன்னரே இறுகிவிட, கீழ்ப்பூச்சு பின்னர் அசையும், ஓவியம் வெடிப்புறும். இறுதியில் எண்ணெயில் நெகிழ்த்திய ஒளி ஊடுருவும் மென்னிறத்தைக் கண்ணாடிபோல் மெல்லிதாகப் பூசி, கீழுள்ள நிறத்துக்கு ஆழம் தருவர். முழுதும் உலர்ந்து திங்கள்கள் பல சென்ற பின்னரே வார்னிஷ் பூசுவர்.

கருவிகளைப் பேணுதலும் இக்கல்வியின் ஒரு பகுதியே. டர்ப்பன்டைன் தைலத்தின் ஆவி உடலுக்குத் தீங்கு செய்வது. காற்றோட்டம் உள்ள இடத்திலேயே அதனைக் கையாளுதல் வேண்டும். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டிக் குவித்து வைத்தால் அவை தாமே வெப்பமுற்றுத் தீப்பற்றுதலும் உண்டு. அவற்றை நீரில் நனைத்து, மூடியுடைய உலோகக் கலத்தில் இடுதல் கடமையாகும்.

கை, கண், கருத்து

இவ்வாறு படியெடுக்கும் மாணவன் பெறும் பயன் மூவகைப்படும். முதலில் கை பழகுகின்றது. எத்துணை அழுத்தத்தில் எத்தகைய கோடு பிறக்கும் என்பதைக் கை அறிகின்றது.

அடுத்துக் கண் திறக்கின்றது. காஸ்திலியோனேயின் சட்டை வெண்மையானது என்று எண்ணி, தூய வெள்ளை வண்ணத்தை எடுத்து மாணவன் பூசுகிறான். அது மூலத்தோடு ஒவ்வாமல் சுண்ணாம்புபோல் துருத்தி நிற்கின்றது. மீண்டும் நோக்குகிறான். அவன் வெள்ளை என்று கருதியது சாம்பலும் மஞ்சளும் கலந்த மங்கல் நிறமே என்பதும், சுற்றியுள்ள கருமையே அதனை வெண்மையாகக் காட்டுகின்றது என்பதும் அப்பொழுது புலனாகின்றன. கருப்பும் அவ்வாறே. தொப்பியின் கருமை வேறு. ஆடையின் கருமை வேறு. பொருளின் பெயரைக் கொண்டு அதன் நிறத்தைத் துணிந்த மாணவன், பொருளையே நோக்கி நிறத்தைத் துணியக் கற்றுக்கொள்கிறான். இது புத்தகத்தால் வருவதன்று. தன் கையால் பிழைபடப் பூசி, அப்பிழையை மூலத்தோடு அருகே வைத்து ஒப்பிட்ட கண்ணுக்கே வரும்.

மூன்றாவதாகக் கருத்து விளங்குகின்றது. பின்புலத்தை ஏன் வெறுமையாக விட்டார்? கைகளை ஏன் மங்கலாக்கி முகத்தை ஒளிர்வித்தார்? படியெடுப்பவன் நாள்தோறும் இவ்வினாக்களோடு வாழ்கிறான். காலம் செய்த மாற்றத்தையும் ஓவியர் செய்த அமைப்பையும் பகுத்தறிதலும் அவன் கடமையாகின்றது. பழைய வார்னிஷ் நாளடைவில் மஞ்சள் பாரிக்கும்; வண்ணத்தில் மெல்லிய வெடிப்புகள் படரும். அவற்றையும் ஓவியரின் கருத்தென மயங்கிப் படியெடுப்பவன், ஏட்டுச்சுவடியில் செல்லரித்த துளையையும் எழுத்தாகக் கொள்பவனை ஒப்பான்.

அருங்காட்சியகமே பள்ளி

பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், 1793-ஆம் ஆண்டு லூவர் அரண்மனை அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அரசர் மட்டும் கண்டு மகிழ்ந்த ஓவியங்கள் மக்களுடைமை ஆயின. தொடக்க நாள்களிலேயே ஓவியர் வந்து படியெடுப்பதற்கெனத் தனி நாள்கள் ஒதுக்கப்பட்டன. பின்னாளில் புகழ்பெற்ற மானே, தெகா, செசான் முதலியோர் அங்கே இசைவு பெற்றுப் படியெடுத்துப் பயின்றவரே. வெனிசு நாட்டுத் தின்தொரெத்தோ முதுமையில் தம்மையே தீட்டிக்கொண்ட ஓவியத்தை இளைஞரான மானே படியெடுத்தார்; அப்படி இன்று தீஜோன் நகரில் உள்ளது.

இப்பள்ளியால் பெரிதும் பயன் பெற்றவர் பெண்டிர் ஆவர். பாரிசு நகரத்து அரசினர் கலைப்பள்ளி 1897-ஆம் ஆண்டு வரை பெண்களை மாணவராக ஏற்கவில்லை. ஆயினும் லூவரின் கதவுகள் அவர்களுக்கு அடைபடவில்லை. 1841-ஆம் ஆண்டு பிறந்த பெர்த் மோரிசோ என்னும் நங்கை, தம் தமக்கையோடு அங்குச் சென்று பழம்பெரும் ஓவியங்களைப் படியெடுத்துப் பயின்றார். ஆசிரியர் கூட்டம் இடம் தர மறுத்த மாணவியர்க்கு, முன்னூறு ஆண்டுகட்கு முன் மறைந்த ஓவியர்கள் ஆசிரியராயினர். 1874-ஆம் ஆண்டு பாரிசில் புதுநெறி ஓவியர்கள் தாமே கூடி நடத்திய புகழ்பெற்ற முதற் கண்காட்சியில் மோரிசோவின் ஓவியங்களும் இடம்பெற்றன. அவை எவருடைய படியும் அல்ல. அவர் தம் கண்ணால் கண்ட உலகின் காட்சிகள்.

மூவர் தொடர்ச்சி

கற்றுத் தேர்ந்த பின் படியெடுத்தல் வேண்டா என்று எண்ணுவாரும் உளர். பிளாண்டர்சு நாட்டு ரூபன்ஸ் 1628-ஆம் ஆண்டு அரசியல் தூதராக மாட்ரிட் நகரத்துக்குச் சென்றபொழுது அவருக்கு அகவை ஐம்பத்தொன்று. ஐரோப்பா முழுதும் அவர் புகழ் பரவியிருந்தது. எனினும், ஸ்பானிய அரசரின் மாளிகையில் இருந்த டிஷியனின் ஓவியங்களை அவர் மாணவன்போல் அமர்ந்து ஒன்றன்பின் ஒன்றாகப் படியெடுத்தார். ராபேல் தீட்டிய காஸ்திலியோனேயின் உருவத்தையும் அவர் படியெடுத்துள்ளார். அது இலண்டன் நகரத்துக் கோர்ட்டால்டு காட்சிக்கூடத்தில் உள்ளது. 1640-இல் அவர் இறந்தபொழுது, டிஷியனின் ஓவியங்களுக்கு அவர் எடுத்த படிகள் பல அவர் இல்லத்திலேயே இருந்தன. அவற்றை அவர் தம் கல்விச் செல்வமாகவே போற்றினார் போலும்.

இனி, காஸ்திலியோனேயின் ஓவியம் 1639-ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் ஆம்ஸ்டர்டாம் நகரில் ஏலத்துக்கு வந்தது. அதனைக் காணச் சென்றவருள் ரெம்பிராண்டும் ஒருவர். அவ்வாண்டுத் தொடக்கத்தில் அவர் தமக்கென ஒரு பெரிய வீட்டை 13,000 கில்டருக்கு விலை பேசியிருந்தார். ராபேலின் ஓவியமோ 3,500 கில்டருக்கு வேறொருவரிடம் சென்றது. அதன்முன் நாட்கணக்கில் அமர்ந்து வண்ணத்தால் படியெடுக்கும் வாய்ப்பு அவருக்கு இல்லை. ஆகவே, ஒரு சிறு தாளில் பேனாவால் அவ்வுருவத்தை விரைந்து வரைந்துகொண்டார். விலையையும் அதன் ஓரத்தில் குறித்தார். அத்தாள் இன்று வியன்னா நகரத்து ஆல்பர்ட்டினா காட்சியகத்தில் உள்ளது. அவ்வரைபடத்தில் காஸ்திலியோனேயின் தொப்பி மூலத்தில் உள்ளதைவிடச் சாய்ந்திருக்கின்றது. படியெடுக்கும்பொழுதே ரெம்பிராண்டின் உள்ளம் தன்வழியில் எண்ணத் தொடங்கிவிட்டது.

அவ்வாண்டிலேயே அவர் அச்சாய்ந்த தொப்பியோடு தம்மையே செப்புத் தகட்டில் வரைந்து அச்சிட்டார். மறு ஆண்டு, 1640-இல், முப்பத்து நான்கு அகவையில், தம் உருவத்தை எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். சுவர்விளிம்பில் கையை ஊன்றி அமைதியோடு நம்மை நோக்கும் அவ்வோவியம் இலண்டன் தேசியக் காட்சிக்கூடத்தில் உள்ளது. அதில் ராபேலின் அமைதியும், டிஷியன் தீட்டிய வேறோர் உருவத்தின் கையமைப்பும் கலந்துள்ளன. எனினும் அம்முகம் ரெம்பிராண்டின் முகம். அவ்வொளியும் இருளும் அவருடையவை.

ராபேலும் தனித்து முளைத்தவர் அல்லர். காஸ்திலியோனே சற்றே திரும்பி அமர்ந்து கைகோத்திருக்கும் அமைப்பு, லியனார்டோவின் மோனாலிசா ஓவியத்தை நினைவூட்டுவது என்று அறிஞர் கூறுவர். இளமையில் புளோரன்சு நகரில் வாழ்ந்தபொழுது ராபேல் லியனார்டோவின் கலையை ஆழ்ந்து பயின்றார். லியனார்டோவினின்று ராபேலுக்கும், ராபேலினின்று ரெம்பிராண்டுக்கும் ஓர் அறிவு கைமாறியது. ஆயினும் இம்மூவர் ஓவியங்களுள் ஒன்றை மற்றொன்றாகக் கொள்வார் எவரும் இலர்.

படியும் போலியும்

படியெடுத்தலுக்கும் போலி செய்தலுக்கும் இடையே உள்ள எல்லையை மாணவர் நன்கு அறிதல் வேண்டும். லூவரில் படியெடுப்போர்க்குச் சில விதிகள் உண்டு. படி, மூல ஓவியத்தின் அளவினதாக இருத்தல் கூடாது; ஐந்தில் ஒரு பங்கேனும் சிறிதாகவோ பெரிதாகவோ இருத்தல் வேண்டும். இவ்விதிப்படி, காஸ்திலியோனேயின் ஓவியத்தைச் சிறிதாக்கிப் படியெடுப்பவனின் கித்தான் ஏறத்தாழ 66 சென்டிமீட்டர் உயரமும் 54 சென்டிமீட்டர் அகலமும் உடையதாக இருக்கும். மூல ஓவியரின் கையொப்பத்தைப் படியெடுத்தல் ஆகாது. கித்தானின் பின்புறத்தில் காட்சியகத்தின் முத்திரை பொறிக்கப்படும். கற்பதற்கு எல்லா உரிமையும் உண்டு; ஏமாற்றுதற்கு உரிமை இல்லை என்பதே இவ்விதிகளின் உட்கருத்து.

அவ்வெல்லையைக் கடந்தவரின் முடிவுக்கு டச்சு நாட்டு ஹான் வான் மீகரென் சான்றாவார். அவர் வெர்மீர் என்னும் பழைய ஓவியரின் பாணியில் தாமே ஓவியங்களைத் தீட்டி, அவற்றை வெர்மீரின் படைப்புகள் என விற்றார். 1937-ஆம் ஆண்டு ரோட்டர்டாம் நகரத்துக் காட்சியகத்துக்காக அவற்றுள் ஒன்று பெருவிலைக்கு வாங்கப்பட்டது. மற்றொன்று ஜெர்மானிய ஆட்சித் தலைவருள் ஒருவரான கோரிங்கின் கைக்குச் சென்றது. நாட்டின் செல்வத்தைப் பகைவருக்கு விற்றார் என்று 1945-இல் அவர் சிறைப்பட்டபொழுது, தப்புதற்கு வேறு வழியின்றி, அவை போலிகள் என்று தாமே ஒப்புக்கொண்டார். 1947-இல் ஓராண்டுச் சிறைத்தண்டனை பெற்ற அவர், அதனைத் துய்க்கு முன்னரே இறந்தார். கைத்திறன் அவரிடம் குறைவின்றி இருந்தது. தம் பெயரால் நிற்கும் துணிவு இல்லாமையால் அத்திறன் அவருக்கே கேடாயிற்று.

நேர்மையான படியோ மூலத்துக்கே துணைசெய்யும். ஸ்பெயின் நாட்டுப் பிராடோ அருங்காட்சியகத்தில் மோனாலிசா ஓவியத்தின் படி ஒன்று நெடுங்காலம் பெருமதிப்பின்றி இருந்தது. 2012-ஆம் ஆண்டு அதனை அகச்சிவப்புக் கதிர்களின் உதவியால் ஆராய்ந்த முடிவு வெளியிடப்பட்டது. மூலத்தில் லியனார்டோ செய்த திருத்தங்கள் பல, படியின் வண்ணத்துக்குக் கீழேயும் காணப்பட்டன. ஆசிரியர் தீட்டத் தீட்ட, அருகிருந்த மாணவர் ஒருவர் உடன் தீட்டிய படி அது என்று அறிஞர் துணிந்தனர். பின்புலத்தை மறைத்திருந்த கரிய பூச்சை நீக்கியபொழுது, மலையும் நீரும் பொலிவுடன் வெளிப்பட்டன. மூலத்தில் மங்கிவிட்ட நிறங்கள் எவ்வாறு இருந்திருக்கும் என்பதை அம்மாணவரின் படி இன்று உலகுக்கு உணர்த்துகின்றது. அவர் பெயரை எவரும் உறுதியாக அறியார். அவர் உழைப்பு நிற்கின்றது.

முடிவுரை

மாணவர்களே! முன்னோர் கண்டவற்றைப் பணிவோடு கற்றல் வேண்டும். கற்ற பின்னர் அங்கேயே நின்றுவிடுதல் கூடாது. லியனார்டோவின் இரு கூற்றுகளும் பொருந்துமிடம் இதுவே. படியெடுத்த ஓவியத்தை முடித்த நாளில், தூரிகையைக் கழுவிவிட்டு, அருகிருக்கும் தாயின் முகத்தையோ தோழனின் முகத்தையோ நோக்குக. அங்கே கட்டமிட்ட கோடுகள் இல்லை. முன்னரே தேர்ந்து வைத்த நிறங்கள் இல்லை. ஒளி கணந்தோறும் மாறும். ஆயினும் நேற்று வெறும் வெண்மையாகத் தோன்றிய ஆடையில் இன்று சாம்பலும் நீலமும் பொன்னும் தெரியுமாயின், அப்பேரோவியர் தம் கண்ணை உமக்குச் சிறிது வழங்கினார் என்று அறிக. அக்கண்ணால் நீவிர் தீட்டும் முதல் முகம் குறையுடையதாயினும் உம்முடையது. அதன் அடியில் உம் பெயரை எழுதுதற்கு நீவிர் உரியீர்.